முதியோரிடம் தாம்பத்தியச் சுகாதாரம் பற்றிப் பேசுதல்

தேசியக் குடும்ப நல ஆய்வில் பேட்டி காணப்படும் பெண்கள் 15 முதல் 49 வயது வரையிலானவர்கள். ஆண்கள் 54 வயது வரையிலானவர்கள். அதற்கு மேற்பட்டோரின் தாம்பத்திய வாழ்க்கையை அவ்வாய்வு தொடுவதில்லை. ஆனால் 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12.6 பேர், நாட்டின் சராசரி 8.6 மட்டுமே. இவர்களிடம் இது குறித்துக் கேட்கக்கூடியவர், இல்லந்தோறும் செல்லும் தாதியே ஆவார்.

பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழர் திரளாக வாழ்கின்றனர். நோயாளி தமிழில் கூறத் தாதி மலையாளத்தில் கேட்பது அங்கு வழக்கம். காய்ச்சலுக்கு இது தடையாவதில்லை. அந்தரங்க விஷயத்திலோ ஒரு சொல் பிசகினும் பேச்சு நின்றுவிடும். ‘லைங்கிகம்’ என்ற மலையாளச் சொல் தோட்டத்து மூதாட்டிக்கு விளங்காது. ‘பாலுறவு’ என்ற நம் புத்தகச் சொல்லும் அவர் நாவில் வழங்குவதன்று. ‘தாம்பத்தியம்’ என்பது இரு மொழிக்கும் பொதுவானது, கூச்சம் விளைவிக்காதது. அதனைக் கொண்டு தொடங்குவதே நன்று.

நீரிழிவு, நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் கெடுத்து ஆண்மைக் குறைவை உண்டாக்குகிறது. ரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் இது நேரும். நோயாளி வெட்கத்தால் எவரிடமும் கூறாது மாத்திரையை நிறுத்திவிடலாம்; அழுத்தம் ஏறும்; காரணமறியாத மருத்துவர் மற்றொரு மருந்தைச் சேர்க்க நேரிடும். இக்குறை சில சமயம் இருதய நோயின் முன்னறிகுறியாகவும் அமைவதால், இதனைக் கிழவரின் ஆசை என்று நகைத்துத் தள்ளுவது பெரும் பிழை. கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆபத்து: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் சில்டனாஃபில் உட்கொண்டால் ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே கேடு விளையலாம்.

பெண்களின் நிலை வேறு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் சவ்வு மெலிந்து வறள்கிறது. சேர்க்கையில் வலியும் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் தோன்றும். பல பிரசவங்கள், பாரம் சுமத்தல் ஆகியவற்றால் ஏற்படும் அடியிறக்கத்தையோ பலர் முதுமையின் விதி என்றே பொறுத்துக்கொள்கின்றனர். களிம்பு, தாங்கு வளையம், அறுவை எனச் சிகிச்சைகள் உண்டு. மாதவிலக்கு நின்ற பின்னர்ச் சிறு கறையளவு உதிரம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். புற்றுநோய் இல்லையென உறுதிசெய்யும் வரை அதனைச் சாதாரணமாகக் கருதலாகாது.

எவ்வாறு கேட்பது? ஜாக் ஆனன் என்னும் அமெரிக்க உளவியலார் 1976இல் வகுத்த நான்கு படிகளில் முதலாவது, நோயாளிக்குப் பேச அனுமதி அளித்தல். “சர்க்கரை நோய் உள்ள பலருக்குத் தாம்பத்தியத்திலும் தொந்தரவு வருவதுண்டு, தங்களுக்கு ஏதேனும் உண்டா, ஐயா?” என்ற ஒரு வினா அதற்குப் போதும். பலருக்கும் நேர்வது என்று அறிந்தால் கூச்சம் தளரும். ‘இல்லை’ என்றால் வற்புறுத்தலாகாது. வேண்டும்போது கேட்கலாம் என்று மட்டும் கூறி விடுக. கணவனை இழந்தவர், தனித்து வாழ்பவர் ஆகியோருக்கு இக்கேள்வி பொருந்தாது என நாமே தீர்மானிப்பதும் தவறு.

தோட்ட லயங்களில் ஒரு சுவருக்கு அப்பால் அயலார் குடியிருப்பர். மருமகளும் பேரப்பிள்ளைகளும் அருகிலேயே இருப்பர். அங்கு இப்பேச்சைத் தொடங்காது, ரத்த அழுத்தம் பார்க்கும் நாளில் நிலையத்தின் தனியறையில் வைத்துக்கொள்ளுதல் தகும். மொழி விளங்கவில்லையெனில் மகனையோ பேத்தியையோ மொழிபெயர்க்கச் சொல்லலாகாது. தமிழறிந்த மற்றொரு தாதியை அழைத்துக்கொள்க.