பால்மரமும் வல்லரசுப் போட்டியும்

விடியற்காலையில் இரப்பர் தரும் பால்மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது கத்தி பட்டால் பால் தடையின்றி வழியும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். கெடா மாநிலத்தின் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் இருள் பிரியுமுன் நிரையில் இறங்கியது இதனால்தான். அந்தப் பாலின் சாரம், ஐசோப்பிரீன் அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலி. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் மீள்திறனும் பெறும். ஊர்தியும் வானூர்தியும் அதன் சக்கரத்தில் ஓடியதால், வல்லரசுகளின் கண் அதன்மேல் விழுந்தது.

1941 டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. தன் இரப்பர்த் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குத் தென்கிழக்காசியாவை நம்பியிருந்த அமெரிக்கா, அவ்வரவு அறுந்ததும், ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் இணைத்துச் செயற்கை இரப்பர் செய்தது. 1945-இல் அந்த உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டியது. தோட்டத் தமிழர் பல்லாயிரவரோ சப்பானியரால் சயாம் மரண இரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர்.

கொரியப் போரின் நடுவே, 1951-இல், ஐ.நா. சீனாவின்மீது வணிகத் தடை கொணர்ந்தது. பிரித்தானியர் ஆட்சியிலிருந்த மலாயாவின் இரப்பருக்குச் சீனச் சந்தை அடைபட்டது. விடுதலை பெற்றிருந்த இலங்கையோ, ஐ.நா.வில் இன்னும் சேராத நிலையில், 1952-இல் சீனாவுடன் உடன்படிக்கை செய்தது: ஆண்டுக்கு 50,000 டன் இரப்பர் விற்று, 2,70,000 டன் அரிசி வாங்குவது. மரமும் பாலும் ஒன்றே. முடிவெடுக்கும் உரிமைதான் வேறு.

விடுதலைக்குப் பின் மலேசியா அவ்வுரிமையைப் பயன்கொண்டது. ஆசியான் நாடுகள் 1971-இல் கோலாலம்பூரில் நடுநிலை மண்டலக் கொள்கையை அறிவித்தன. 1974-இல் பிரதமர் அப்துல் ரசாக் சீனாவுடன் தூதரக உறவு கண்டார். ஆசியான் உறுப்பு நாடு ஒன்று சீனாவுடன் தொடங்கிய முதல் தூதரக உறவு அதுவே.

இன்று போட்டி குறைக்கடத்திக்கு மாறியுள்ளது. 2022 அக்டோபரில் அமெரிக்கா, உயர்திறன் சில்லுகள் சீனாவுக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. 2024 ஆகஸ்டில் செருமனியின் இன்பினியான் நிறுவனம் கூலிமில் சிலிக்கன் கார்பைடு ஆலையைத் திறந்தது. சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி 1.1 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கன் கார்பைடுக்கோ ஏறத்தாழ 3.2. எனவே அது உயர்மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி, மின்னூர்திகளை இயக்குகிறது.

ஒரு பொருளை விளைவிப்பவரை விட, அதன் இயல்பை அறிந்தவரே அதன் விலையையும் திசையையும் வகுக்கின்றனர். செயற்கை இரப்பர் புகட்டிய பாடம் அதுவே. நடுநிலைக் கொள்கைக்கு வலுவும் அந்த அறிவே. குறைக்கடத்தித் துறைக்கு 60,000 பொறியாளரை உருவாக்க மலேசிய அரசு 2024-இல் திட்டம் வகுத்துள்ளது. பால்வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் அவ்வரிசையில் இடம்பெற வேண்டும். அதற்கான இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கெடாவின் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே வேரூன்றட்டும்.