ஒரு க்யூபிட்டுக்கு 101 செலவு

கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் உருவாகி, 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ குவாண்டம் சில்லில் 105 க்யூபிட்கள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகள். அவற்றில் 101ஐச் செலவழித்து ஆய்வாளர்கள் ஈட்டியது ஒன்றே ஒன்று: பிழை திருத்தப்பட்ட ஒரு தருக்க க்யூபிட். தகவலைச் சுமப்பவை 49, அவற்றைச் சோதிப்பவை 48. தவறான ஆற்றல்மட்டத்துக்குத் தாவுவதைச் சரிக்கட்ட மீதி 4. 1.1 மைக்ரோநொடிக்கு ஒரு சோதனை. இத்தனை காவலிலும் அது தாக்குப்பிடித்தது 291 மைக்ரோநொடிதான். காவலே இல்லாத க்யூபிட்களில் சிறந்தது 119 தாங்குகிறது. 101 போட்டு 2.4 மடங்கு எடுக்கும் கடைக்காரர் மறுநாளே கடையைச் சாத்துவார்.

ஆய்வாளர்கள் கொண்டாடியது 2.14 என்ற எண்ணுக்காக. க்யூபிட் கட்டத்தின் அகலம் 3, 5, 7 என ஏற ஏற, ஒவ்வொரு படியிலும் பிழை அத்தனை மடங்கு இறங்கியது. 7இல் சோதனைச் சுற்றுக்கு 0.143%. அகலத்தை 27 ஆக்கினால் 1,457 க்யூபிட்கள் வேண்டும். செலவு 14 மடங்குக்கும் மேல். பிழையோ 2.14ஐப் பத்து முறை பெருக்கிய அளவுக்கு, ஏறத்தாழ 2,000 மடங்கு, சரிந்து பத்து லட்சத்தில் ஒன்றருகே வரும். 2.14 என்ற அந்த எண் 1க்குக் கீழே இருந்திருந்தால் க்யூபிட் சேர்க்கச் சேர்க்க நட்டம். பல ஆண்டுகள் இத்துறை அப்படித்தான் கிடந்தது.

ஆகவே பணத்தைச் செலவிட வேண்டியது 2.14ஐ உயர்த்தத்தான் என்பேன். அடிப்படைப் பிழையைப் பாதியாக்கினால், 27 அகலத்தில் தருக்கப் பிழை பத்தாயிரம் மடங்கு குறையும் என்கிறது அதே குழுவின் கணிப்பு. ஆனால் வேறொரு சோதனையில் மணிக்கு ஒருமுறை, அதாவது 300 கோடிச் சுற்றுகளுக்கு ஒருமுறை, பல க்யூபிட்கள் ஒன்றாகப் பிழை செய்தன. சொற்பமா? 2,048 பிட் ஆர்எஸ்ஏ மறையாக்கப் பூட்டை உடைக்க 2 கோடி க்யூபிட்களும் 8 மணி நேரமும் போதும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். கூகுளின் கிரெய்க் கிட்னி 2025இல் அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே, ஒரு வாரத்துக்கும் குறைவான நேரத்துக்குக் கொண்டுவந்தார். சில்லைத் தொடாமல் தாளிலேயே க்யூபிட்களில் 95% மிச்சம்! ஆனால் வாரத்துக்கு 168 மணி; மணிக்கு ஒரு கூட்டுப் பிழை என்றால் அது சொற்பமல்ல.

இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023இல் ஒதுக்கியது ரூ.6,003.65 கோடி. கணினி மட்டுமல்ல, சென்னை ஐஐடி முன்னின்று நடத்தும் தகவல்தொடர்பு உட்பட நான்கு பிரிவுகளுக்கும் அதில் பங்கு. எட்டு ஆண்டு இலக்கு 50 முதல் 1,000 க்யூபிட்கள். ஆயிரத்தையே எட்டினாலும், வில்லோவின் கணக்கில் 27 அகலத்துக்கு 457 குறையும்.