3 கிலோமீட்டர் சுரங்கம் செய்த வேலை

லாஸ் ஏஞ்சல்ஸின் ஏ லைன் உலகிலேயே மிக நீளமான இலகு ரயில் தடம். தெற்கே கடலோரத்து லாங் பீச்சில் புறப்பட்டு, நகர மையத்தின் அடியில் நுழைந்து வெளியேறி, பாசடீனா வழியாக மலையடிவாரத்திலுள்ள பொமோனா வரை ஏறத்தாழ 93 கிலோமீட்டர் ஓடுகிறது. பொமோனா வரையிலான கடைசி நீட்டிப்பு 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது எல்லோரும் பேசியது இந்த நீளத்தைப் பற்றித்தான். பயணியின் கைக்கடிகாரத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்ததோ, தடத்தின் நடுவே 2023 ஜூன் 16 அன்று திறக்கப்பட்ட, சுமார் 3 கிலோமீட்டரே உள்ள ரீஜனல் கனெக்டர் என்ற சுரங்கப்பாதை. பரந்து கிடக்கும் நகரத்தில் மக்களின் நேரம் தண்டவாளத்தின் மேல் கரைவதைவிட, ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவில்தான் அதிகம் கரைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வழித்தடம் வகுப்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் பணம் பெரும்பாலும் நீளத்துக்கே போகிறது.

அந்தச் சுரங்கம் வருவதற்கு முன்பு நகர மையத்தில் ஒரு விசித்திரமான இடைவெளி இருந்தது. 1990-ல் தொடங்கிய லாங் பீச் தடமும், 2012-ல் தொடங்கி 2016-ல் சாண்டா மோனிகா கடற்கரையை எட்டிய எக்ஸ்போ தடமும் மையத்தின் தென்மேற்கு மூலையில், ஏழாம் தெரு நிலையத்தில் முடிந்துபோயின. 2003-ல் வந்த பாசடீனா தடமோ கிழக்கு ஓரத்தில், யூனியன் ஸ்டேஷனில் நின்றது. இரண்டு முனைகளுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்க, இறங்கி, படியேறி இறங்கி, வேறொரு மெட்ரோவுக்குக் காத்திருந்து, சில நிமிடம் போய், மறுபடி இறங்கி, மறுபடி காத்திருக்க வேண்டும். 2 மாறுதல்கள், 3 வண்டிகள். சுமார் 180 கோடி டாலர் செலவில் சுரங்கம் தோண்டி இரு முனைகளையும் முடிச்சிட்டதும் தெற்கு–வடக்காக ஏ லைனும், மேற்கு–கிழக்காக ஈ லைனும் ஓடத் தொடங்கின. பல பயணங்களில் மாறுதலே இல்லாமல் போனது. மற்றவற்றில் ஒன்றாகக் குறைந்தது. 20 நிமிடம் வரை மிச்சமாகும் என்று போக்குவரத்து நிறுவனம் அறிவித்தது. வண்டிகளின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டினால் என்ன என்ற கேள்வி இயல்பானது. தொலைவு அதிகமென்றால் வேகமான வண்டி விடு என்பதே பொதுப்புத்தி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை ஏமாற்றம் தருகிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையே 1.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு 1 மீட்டர் கூட்டும், அதே அளவில் குறைக்கும். நின்றிருப்பவர்கள் சிரமமின்றித் தாங்கும் அளவு ஏறத்தாழ அதுதான். அதற்கு வெகுவாக மேலே போனால் ஆள் விழக்கூடும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் இந்தத் தொலைவைக் கடக்க 85 நொடி. உச்ச வேகத்தை 108 ஆக்கினால் 80 நொடி. வேகத்தை 20 சதவீதம் கூட்டி, அதற்கேற்ற மோட்டாரும் மின்சாரமும் தண்டவாளப் பராமரிப்பும் கொடுத்து வாங்கியது 5 நொடி. காரணம் எளிது: வண்டி தன் உச்சத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே பிரேக் போட வேண்டியிருக்கிறது. கதவு திறந்து மூட எடுக்கும் 20 நொடியையும் சேர்த்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் நிமிடம் செலவு. நிலையங்களைக் குறைத்தால் ஓட்டம் விரைவாகும். ஆனால் நிலையத்துக்கு நடக்கும் தூரம் கூடும். நடையில் போவதும் பயண நேரம்தானே.

இந்த 5 நொடியை வைத்துக்கொண்டு ஃப்ளவர் தெருவும் வாஷிங்டன் புல்வார்டும் சந்திக்கும் இடத்துக்குப் போனால் சிக்கல் வேறு வடிவில் தெரியும். ஏ லைனும் ஈ லைனும் ஒன்று சேரும் முனை அது. வண்டிகள் அங்கே தெருமட்டத்தில், கார்களோடு சேர்ந்து சிக்னலுக்கு நிற்கின்றன. ஒரு சிவப்பு விளக்கில் 40 நொடி நின்றால், வேகத்தைக் கூட்டி 8 நிலைய இடைவெளிகளில் சேமித்தது அத்தனையும் போச்சு. ரயிலை இயக்குவது மாவட்ட அளவிலான நிறுவனம். சிக்னலை இயக்குவது நகராட்சி. இருநூறு பேர் அமர்ந்த வண்டிக்கும் ஒருவர் ஓட்டும் காருக்கும் அந்தச் சந்திப்பில் எவ்வளவு வித்தியாசம் காட்டுவது என்பது பொறியியலைவிட அதிகாரப் பங்கீட்டின் கேள்வி. சூரிச் நகரம் இதற்கு வேறு விடை கண்டது. 1973-ல் அந்நகர மக்கள் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 1977-ல் ட்ராம்களையும் பேருந்துகளையும் தெருவில் விரைவுபடுத்த 20 கோடி பிராங்க் ஒதுக்குவதை ஆதரித்தார்கள். சிக்னல்கள் ட்ராம் வருவதை முன்கூட்டியே உணர்ந்து வழிவிடப் பழக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒரு காலத்தில் 1,000 மைலுக்கு மேல் தண்டவாளம் வைத்திருந்த பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு வண்டிகள் கார் நெரிசலில் சிக்கி மெதுவாகி, மெதுவானதால் ஆளிழந்து, ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக 1961-ல் நின்றது லாங் பீச் தடம். இன்றைய ஏ லைன் பெரும்பகுதி அதே வழியில்தான் போகிறது.

இனி காத்திருப்புக்கு வருவோம். விஷயத்தின் மையம் இதுதான். 4 குடியிருப்புப் பகுதிகள், வேலை கிடைக்கும் 4 இடங்கள் உள்ள ஒரு நகரம். யாரும் வண்டி மாறக்கூடாது என்று முடிவெடுத்தால் 16 நேரடித் தடங்கள் வேண்டும். கையில் இருப்பவை 32 வண்டிகள். ஒரு முறை போய்த் திரும்ப ஒரு மணி நேரம். தடத்துக்கு 2 வண்டி, அதாவது அரை மணிக்கு ஒன்று. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். இப்போது அதே 32 வண்டிகளை மையத்தில் சந்திக்கும் 4 தடங்களில் விடுவோம். தடத்துக்கு 8 வண்டி. ஏழரை நிமிடத்துக்கு ஒன்று. 4 பேரில் 3 பேர் மையத்தில் மாற வேண்டும். ஏறும் இடத்திலும் மாறும் இடத்திலும் சேர்த்துச் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். மாற 3 நிமிட நடை என்றாலும் பத்தரை நிமிடத்தில் முடிந்தது. ஒரு வண்டிகூடக் கூடுதலாக வாங்காமல், ஓட்டுநர் ஒருவரைக்கூடப் புதிதாக எடுக்காமல், நாலரை நிமிடம் மிச்சம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அரை மணிக்கு ஒரு வண்டி என்றால் யாரும் குருட்டாம்போக்கில் போய் நிற்க மாட்டார்கள், நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள் என்பார்கள். உண்மை. ஆனால் காத்திருப்பு அதனால் ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. 9 மணி வேலைக்கு 8.35-க்கே போய்ச் சேருபவரின் 25 நிமிடமும், மருத்துவரைப் பார்த்து முடித்தவர் அடுத்த வண்டிக்காக வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமும் அந்தக் காத்திருப்புதான்.

இதைவிட வலுவான மறுப்பு, மனிதர்கள் நிமிடங்களைச் சமமாக எண்ணுவதில்லை என்பது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட நிலையத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை மக்கள் தோராயமாக இரு மடங்காக உணர்கிறார்கள் என்று போக்குவரத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நடைக்கும் ஏறக்குறைய அப்படியே. இது போக, மாறுதல் என்ற செயலுக்கே தனியாக 5 முதல் 10 நிமிட அபராதத்தை மனம் விதிக்கிறது. இணைப்பு தவறிவிடுமோ என்ற பதைப்பு அதில் அடக்கம். மேலே போட்ட கணக்கை இந்த எடைகளோடு திருப்பிப் போட்டால், நேரடி வண்டியின் 15 நிமிடம் 30 ஆகிறது. மாறும் பயணம் 26-க்கும் 31-க்கும் நடுவே விழுகிறது. கிட்டத்தட்ட சமம். ஆகவே மாறுதலை எதிர்ப்பவர்கள் முட்டாள்கள் அல்லர். வெற்றி எந்தப் பக்கம் என்பதை இனி தீர்மானிப்பது மாறும் இடத்தின் கட்டமைப்பு. 3 நிமிட நடை ஒரு நிமிடமானால் தராசு ஒரு பக்கம் சாயும்; 6 நிமிடமானால் மறுபக்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இரண்டு வகைக்கும் மாதிரி இருக்கிறது. சாண்டா மோனிகாவிலிருந்து பாசடீனா போகிறவர் நகர மையத்தின் பொது நிலையங்களில் எதில் இறங்கினாலும், அதே திசையில் பின்னால் வரும் ஏ லைன் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். தெருவுக்கு வர வேண்டியதில்லை. 2022-ல் திறந்த கே லைனோ ஈ லைனைச் சந்திக்கும் எக்ஸ்போ/கிரென்ஷா நிலையத்தில் தரைக்கடியில் இருக்கிறது, ஈ லைன் தெருமட்டத்தில் இருக்கிறது. மேலே ஏறி வந்து, கார்களுக்கான சிக்னல் மாறும்வரை நின்று, தெருவைக் கடந்து நடைமேடைக்குப் போக வேண்டும். எதிரே நிற்கும் வண்டி கதவை மூடிக்கொண்டு போவதைத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்வது அங்கே சாதாரணம். வரைபடத்தில் இரண்டு இடங்களும் ஒரே வட்டக்குறியாகத்தான் தெரியும்.

தடத்தின் நீளமே இணைப்பைக் கெடுக்கும் சூழலும் உண்டு. ஒரு முனையிலிருந்து மறு முனை போக ஏ லைனில் 2 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை, ஒருவர் இறங்கும் இடத்தில் இன்னொருவர் ஏறுவார் என்ற பதில் நியாயமானதே. ஆனால் தாமதம் இறங்கிப் போவதில்லை. லாங் பீச் சிக்னல்களில் இழந்த நிமிடங்கள் பாசடீனா வரை கூடவே வருகின்றன. நடுவில் தடத்தைப் பகிரும் ஈ லைனுக்கும் தொற்றுகின்றன. 10 நிமிடத்துக்கு ஒன்றாக வர வேண்டிய வண்டிகள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறிமாறி வந்தால், அட்டவணைப்படி சராசரி இடைவெளி அதே 10 நிமிடம்தான். பயணியின் சராசரிக் காத்திருப்போ 5-லிருந்து 8.2 நிமிடமாகிறது, ஏனென்றால் நிலையத்துக்கு வருகிறவர்களில் 10-ல் 9 பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுகிறார்கள். இரண்டு பழைய முனைகளை இணைத்ததற்கு நகரம் கொடுக்கும் விலை இது. கொடுக்கத் தகுந்த விலை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் முனையை மேலும் மேலும் தள்ளிக்கொண்டே போவது வேறு விஷயம்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒற்றை மையமே கிடையாது, எல்லாத் தடங்களையும் நடுவில் கொண்டுவந்து கோர்ப்பதில் என்ன பயன் என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி சரி. மக்கள் புறநகரிலிருந்து புறநகருக்குப் போகிறார்கள். ஆனால் பரப்பு என்றதும் ஆளில்லாத வெளி என்று எண்ணிவிடக் கூடாது. 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் நகர்ப்புறப் பகுதிகளிலேயே மக்களடர்த்தி மிகுந்தது நியூயார்க் அல்ல, லாஸ் ஏஞ்சல்ஸ்தான். நியூயார்க்கைப் போல நடுவில் உச்சம் கிடையாது. எங்கும் சீராக நெருங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊருக்கு நட்சத்திர வடிவத்தைவிடக் கட்டம் பொருந்தும். குறுக்கும் நெடுக்கும் தடங்கள், எந்த இரு இடத்துக்கும் ஒரே ஒரு மாறுதல். கட்டத்தின் குறுக்குக் கோடுகளெல்லாம் ரயிலாக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி ஓடும் பேருந்து போதும். ஆக, மையமில்லாத நகரம் என்ற வாதம் மாறுதலின் தேவையைக் கூட்டுகிறதே ஒழியக் குறைக்கவில்லை.

குறுக்குத் தடம் எப்படிப் போடக் கூடாது என்பதற்கு 1995-ல் திறந்த கிரீன் லைன், இன்றைய சி லைன், பாடப்புத்தக உதாரணம். ஒரு ஃப்ரீவேயின் நடுத்திட்டில் ஓடுகிறது. எந்தச் சாலையையும் தரைமட்டத்தில் கடப்பதில்லை, சிக்னலே கிடையாது, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நகரின் இலகு ரயில்களில் வேகமானது அதுதான். ஆனால் மேற்கே விமான நிலையத்தை நெருங்கி வந்து, உள்ளே போகாமல் தெற்கே திரும்பிவிட்டது. கிழக்கே புறநகர் ரயிலின் நார்வாக் நிலையத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும்போதே முடிந்துவிட்டது. பயணிகள் எண்ணிக்கையில், சிக்னலுக்கு நின்று நின்று போகும் ஏ லைனை அது எட்டியதே இல்லை. மேற்கு முனையின் குறையை ஈடுகட்ட, சி, கே லைன்களையும் பேருந்துகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் புதிய நிலையம் விமான நிலையத்துக்கு அருகே 2025 ஜூனில் திறக்கப்பட்டது. இடையில் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அடிக்கடி வண்டி விட இயலாத ஓரப் பகுதிகளுக்கு என்ன வழி? அங்கே சுவிட்சர்லாந்தின் முறை உதவும். 1982 முதல் அந்நாட்டு ரயில்கள் ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில் புறப்படுகின்றன. 1987 வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட ‘ரயில் 2000’ திட்டம், முக்கியச் சந்திப்புகளுக்கு இடையிலான ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக அமைத்தது. எல்லாத் திசை வண்டிகளும் மணியடிக்கும் நேரத்தில் ஒன்றாக நிலையத்தில் நிற்கும், மாறிக்கொண்டு பிரியும். சூரிச்–பெர்ன் பயணம் 56 நிமிடமாக்கப்பட்டது இதற்காகத்தான். 40 நிமிடமாக்கியிருந்தால் பணம் இன்னும் செலவாகியிருக்கும், பயணி இணைப்பு வண்டிக்காக மேலும் நின்றிருப்பார்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நீளம் ஏன் வெல்கிறது? பணம் வரும் வழியைப் பார்த்தால் புரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 88 நகராட்சிகள். 2008-லும் 2016-லும் ரயில் உள்ளிட்ட போக்குவரத்துக்காக அரை சதவீத விற்பனை வரிகளை வாக்காளர்கள் ஏற்றார்கள்; அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தடம் என்று பட்டியலில் எழுதாமல் அந்த ஆதரவைத் திரட்டியிருக்க முடியாது. இதைக் குறையாகச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் தடத்தை நீட்ட ஒரே முறை மூலதனம் ஒதுக்கினால் போதும், நாடா வெட்டலாம். 10 நிமிட இடைவெளியை 6 ஆக்க வேண்டுமென்றால் ஓட்டுநர் சம்பளமும் மின்சாரமும் பராமரிப்பும் ஆண்டுதோறும் வேண்டும். அதற்குத் திறப்பு விழா கிடையாது. நீட்டிப்பு தானாகவே இந்தச் செலவையும் கூட்டிவிடுகிறது: தடம் நீள நீள, அதே இடைவெளியைக் காப்பாற்றவே கூடுதல் வண்டிகள் தேவை. ஒரு மணி நேரத் தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 12 வண்டி போதும். 2 மணி நேரத் தடத்துக்கு 24. புதிய நீட்டிப்புக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும், அதே பணத்தில் இருக்கும் தடங்களின் இடைவெளியை எவ்வளவு குறைக்கலாம், எந்தச் சந்திப்பைச் சீராக்கலாம் என்ற மாற்றுக் கணக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று விதி வைப்பது கடினமான காரியமல்ல. ஃப்ளவர்–வாஷிங்டன் சந்திப்பிலிருந்து அதைத் தொடங்கலாம்.