கணினியிற் கைதவறினால்

கணினியிற் கடிதமொன்றைத் தட்டெழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், எழுதியதைச் சேமிக்க எண்ணுகின்றார். கொன்ட்ரோல் என்னும் விசையை அழுத்தியவாறே எஸ் என்னும் எழுத்தைத் தட்ட வேண்டும். எஸ்ஸின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்பதோ ஏ. விரல் சிறிது பிசகி ஏ-யின்மேல் விழுகின்றது. அவ்வளவில் கடிதம் முழுவதும் தெரிவு செய்யப்பட்டு நிறம் மாறி நிற்கின்றது. அதனைக் கவனியாது அவர் அடுத்த எழுத்தைத் தட்டுகின்றார். இரண்டு மணிநேர உழைப்பு மறைந்து, திரையில் ஓரெழுத்து மட்டும் எஞ்சுகின்றது.

இந்நிலையிற் பலர் செய்வது யாது? பதற்றத்தால் கோப்பை மூடிவிடுகின்றனர். மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கலாமா என்று கணினி வினவுகின்றது. சேமித்தல் எப்போதும் நன்மையே என்றெண்ணி ஆம் என்கின்றனர். அந்த ஓரெழுத்தே கடிதமெனப் பதிவாகிப் பழையது ஒழிகின்றது. விரல் பிசகியதால் எதுவும் அழியவில்லை; அழித்தது அந்த ‘ஆம்’ என்ற விடையே.

செய்ய வேண்டியது மிகச் சிறிது. வேறெதனையும் தொடாது, கொன்ட்ரோலை அழுத்தியவாறு இசட்டைத் தட்டுதல் வேண்டும். இறுதியாகச் செய்த செயல் இல்லாதொழியும். ஒரு தட்டிற் கடிதம் மீளாவிடின் மறுபடியும் தட்டலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வோரடியாகக் கணினி பின்னோக்கிச் செல்லும். வேண்டிய இடத்தைக் கடந்து சென்றுவிடின், பெரும்பாலான செயலிகளிற் கொன்ட்ரோலும் வை-யும் சேர்ந்து முன்னோக்கிக் கொணரும். கோப்பை மூடியபின் பெரும்பாலும் இவ்வழி அடைபட்டுவிடும். ஆதலாலேதான் மூடலாகாது என்கின்றோம். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் கொன்ட்ரோலுக்குப் பதிலாகக் கொமாண்ட் விசையைக் கொள்க.

எழுத்து வேலைக்கு மட்டும் இவ்வசதி உரியதன்று. விண்டோஸில், கோப்பொன்றை இழுத்துச் செல்கையில் எங்கோ நழுவவிட்டவர் உடனே கொன்ட்ரோலும் இசட்டும் தட்டின், அது புறப்பட்ட கோப்புறைக்கே திரும்பும். தவறுதலாக அழித்த கோப்பும் குப்பைத்தொட்டியிலிருந்து எழுந்து வரும். ஆனால், ஷிப்ட் விசையுடன் டிலீட்டை அழுத்தி அழித்தது குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. சட்டைப்பையிற் கொண்டு திரியும் பென் டிரைவிலிருந்து அழிப்பதும் பெரும்பாலும் அத்தகையதே. பிள்ளைகளின் பாடக்குறிப்புகளைப் பென் டிரைவில் மட்டும் வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இசட், எக்ஸ், சீ, வீ ஆகிய நான்கும் விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். மீளச்செய்தல், வெட்டல், பிரதி எடுத்தல், ஒட்டல் என்பன முறையே அவற்றின் தொழில். வெட்டி ஒட்டும் முறையைக் கணினியில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் லாரி டெஸ்லர். கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வுநிலையத்தில், 1974, 1975-ஆம் ஆண்டுகளில், பாடநூற் பதிப்பாசிரியர்களுக்கென டிம் மொட் என்பாருடன் ஜிப்சி என்னும் செயலியை அவர் ஆக்கினார். கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தாள்களைத் திருத்திய பதிப்பாளர் வழக்கமே அப்பெயர்களைத் தந்தது. பின்னர் அவர் பணியாற்றிய ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லீசா கணினியில் இந்நான்கு எழுத்துகளும் இத்தொழில்களுக்கு அமைந்தன. இடக்கை விரல்களே எட்டிப் பிடிக்கலாம். வலக்கை சுட்டியை விட்டு அகல வேண்டுவதில்லை. டெஸ்லர் 2020-இற் காலமானார்.

பிரதி எடுத்தலில் ஒரு குறை உண்டு. புதிதாக ஒன்றைப் பிரதி செய்தவுடன் முன்னையது மறைந்துவிடும். இதற்கு 2018-இல் விண்டோஸ் 10-இற் பரிகாரம் கிட்டியது. விண்டோஸ் இலச்சினை பொறித்த விசையுடன் வீ-யைத் தட்டினால், முன்பு பிரதி செய்தவற்றின் வரிசை தோன்றும். இருபத்தைந்து வரை அதில் நிற்கும். முதன்முறை மட்டும் இயக்கிவைக்குமாறு அதுவே கேட்கும். பலர் பயன்படுத்தும் கணினியாயின் இவ்வசதியை விலக்குவதே தக்கது. பிரதி செய்த கடவுச்சொல்லும் அவ்வரிசையிற் கிடக்கக்கூடுமன்றோ?

இனி, கணினி அசையாது நின்றுவிடும் வேளை. இங்கு உதவும் கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் என்னும் மூன்றையும், 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியை ஆக்கியோருள் ஒருவரான டேவிட் பிராட்லி இணைத்தார். அக்காலத்தில் அவற்றைச் சேர்த்து அழுத்தினாற் கணினி மீளத் தொடங்கும், சேமியாதது அழியும். டிலீட்டுக்குப் பதிலாக முதலில் எஸ்கேப் விசையே கொள்ளப்பட்டது. மூன்றும் இடப்பக்கத்தில் இருந்தமையாற் கை பட்டாலே கணினி மீளத் தொடங்கிவிடும் எனக் கண்டு, வலக்கோடியிலுள்ள டிலீட்டுக்கு மாற்றினர். அன்றைய பலகையில் இரு கையும் வேண்டியிருந்தது. மீட்கும் விசை கைக்கு அண்மையிலும் அழிக்கும் விசை சேய்மையிலும் அமைந்தது தற்செயலன்று.

இன்றைய விண்டோஸில் இம்மூன்றும் உடனே எதனையும் அழிப்பதில்லை. ஒரு பட்டியலே தோன்றும். அதிற் செயல் மேலாளர் என்பதைத் தெரிந்து, அசையாது நிற்கும் செயலியை மட்டும் நிறுத்தலாம்; ஏனையவை தொடர்ந்து இயங்கும். நிறுத்தப்படும் செயலியிற் சேமியாதது போய்விடலாம். ஆகவே, உடனே நிறுத்தாது ஓரிரு நிமிடம் பொறுத்திருந்து பார்க்க. பெரிய கோப்பைத் திறக்கும் பழைய கணினி, நின்றுவிட்டது போலத் தோன்றி, மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும்.