பொருள்களின் கடத்துந் தன்மையும் கிணற்று நீர்ப் பரிசோதனையும்

அடுப்பின்மேல் கொதிக்கும் பாத்திரத்தில் இரும்புக் கரண்டியை இட்டு வைத்தால், சிறிது நேரத்தில் அதன் பிடி கையைச் சுடும். மர அகப்பையோ நெடுநேரம் கிடந்தாலும் கையால் பற்றத் தகுந்ததாகவே இருக்கும். உஷ்ணத்தைத் தன்னூடே செல்லவிடும் திறன் பொருளுக்குப் பொருள் வேறுபடுவதே இதற்குக் காரணமாகும்.

மின்சாரத்தின் விஷயமும் இத்தகையதே. 1729-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர், மின்சாரம் சணல் நூலின் வழியே நெடுந்தூரம் செல்வதையும், பட்டு நூல் அதனைத் தடுத்து நிறுத்துவதையும் கண்டறிந்தார்.

உலோகங்கள்

உலோகங்களுள் இவ்விரண்டையும் மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதற்கு அடுத்தது செம்பு. ஓர் உலோகத்தின் உஷ்ணங்கடத்தும் திறனுக்கும் மின்சாரங்கடத்தும் திறனுக்கும் உள்ள விகிதம், ஒரே உஷ்ண நிலையில், ஏறக்குறைய எல்லா உலோகங்களுக்கும் ஒன்றாகவே இருப்பதை 1853-ல் வீடெமான், பிரான்ஸ் என்னும் இரு ஜெர்மானிய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். உலோகத்தினுள் கட்டின்றி உலவும் எலெக்ட்ரான்களே இரண்டையும் சுமந்து செல்வதால் இவ்வொற்றுமை உண்டாகிறது.

மண்

காற்று உஷ்ணத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீர் அதனினும் இருபது மடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே, காற்றறைகள் நிறைந்த உலர்ந்த புழுதி மண்ணும், நிலத்தின்மேல் பரப்பிய வைக்கோலும் வெயிலின் உஷ்ணம் வேர்ப்பகுதிக்கு இறங்குவதைத் தடுக்கின்றன.

நீர்

வாலையில் வடித்த தூய நீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகச் சொற்பம். உப்புக்கள் கரையும்போது அவை மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமக்கின்றன. உப்பு மிகுந்தால் கடத்துந்திறனும் மிகும். எனவே, ஒரு சிறு கருவியைக் கொண்டு நீரிலுள்ள உப்பின் அளவைச் சில நிமிஷங்களில் மதிப்பிடலாம். இத்திறன், 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ண நிலையில், மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று குறிக்கப்படும். 0.75-க்கு உட்பட்ட நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. 0.75 முதல் 2.25 வரை உள்ள நீருக்கு நல்ல வடிகால் வசதி வேண்டும். அதற்கு மேற்பட்டது சாதாரணப் பாசனத்திற்கு உதவாது.

கண்ணுக்குத் தெளிவாயிருக்கும் நீரை நம்பியே பல நிலங்கள் களராகின்றன. திறன் 1 ஆகவுள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு உண்டு. ஓர் ஏக்கரில் இந்நீரை ஓர் அங்குலம் பாய்ச்சினால், நிலத்தில் சேரும் உப்பு சுமார் 66 கிலோகிராம். பத்து அங்குலம் பாய்ச்சினால் 660 கிலோகிராம். நீர் ஆவியாய்ப் போய்விடும், உப்போ தங்கிவிடும். மழையோ நன்னீரோ அதனைக் கரைத்து வடிகாலில் கொண்டுபோனாலன்றி, ஆண்டுதோறும் பெருகும். மண்ணின் பூரித நிலைச் சாற்றில் இத்திறன் 3-ஐத் தாண்டினால் நெல்லின் விளைவு குறையத் தொடங்கும்; பருத்தி 7.7 வரை தாங்கும்.

செய்யவேண்டுவன

புதுக் கிணறு வெட்டியவுடனும், பின்னர்க் கோடையிலும் நீரைச் சோதித்தல் நலம். கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உட்புகுமாதலால், அங்கு இது இன்றியமையாதது. பம்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே கழுவிய சுத்தமான புட்டியில் அரை லிட்டர் பிடித்து, சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டிப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. கடத்துந்திறன் உப்பின் அளவைக் காட்டுமேயன்றி அதன் வகையைக் காட்டாது. ஆதலால் சோடிய அளவையும் தனியே சோதிக்கும்படி கேட்டல் வேண்டும்.

உப்பு நீரில் நனைந்த கையும் தரையும் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், ஈரக்கையுடன் மோட்டார் சுவிச்சைத் தொடுதல் உயிருக்கே ஆபத்தாகும்.