மலை ஏறும் வண்டியும் உஷ்ணமானியின் முள்ளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், போகும்போது அரிசியும் சிமெண்டும், திரும்பும்போது மரவள்ளிக் கிழங்கும் புளியும் கடுக்காயுமாக மூட்டைகளைச் சுமந்துகொண்டு, வயதான பிக்கப் வண்டிகள் இரண்டாம் கியரில் முனகியபடி போவதைக் கண்டவர்கள், அவற்றை ஓட்டுகிறவர்களின் பார்வை சாலைக்கும் டாஷ்போர்டின் ஒரு மூலைக்குமாக மாறி மாறிச் சென்றுவருவதையும் கவனித்திருப்பார்கள். அந்த மூலையில்தான் டிரைவர்கள் 'ஹீட் மீட்டர்' என்று சொல்லும் உஷ்ணமானி இருக்கிறது.

மலைப்பாதையில் எஞ்சின் படும் சிரமத்துக்குச் சுமை மட்டும் காரணமன்று. தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழல்கிறது. டீசல் மிகுதியாக எரிகிறது. ஆனால் ஓட்டத்தின் வேகத்தால் ரேடியேட்டரின் முகத்தில் வந்து மோத வேண்டிய காற்றோ நடைவேகத்தில்தான் வருகிறது. இதனோடு உயரத்தின் விளைவும் சேர்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை தாழ்வதால், சராசரியாக 2700 அடி உயரமுள்ள சின்னக் கல்வராயனில் திறந்த பாத்திரத்து நீர் உத்தேசமாக 97 டிகிரியிலும், 4000 அடி உயரமுள்ள பெரிய கல்வராயனில் 96 டிகிரியிலும் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தன் ஸ்பிரிங்கின் பலத்தால் உள்ளே அழுத்தத்தை நிறுத்திக் கொதிநிலையை 120 டிகிரியை ஒட்டி உயர்த்தி வைக்கிறது என்பது வாஸ்தவமே. ஆனால் மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப்போன பழைய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இவ்வளவு கவலையோடு பார்க்கப்படும் அந்த முள், உண்மையில் உஷ்ணத்தை அறியவே அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மின்சாரம் ஒன்றுதான். எஞ்சினின் தலைப்பகுதியில், தெர்மோஸ்டாட்டுக்கு அருகே, நுனி நீரில் நனையும்படி திருகப்பட்டிருக்கும் சிறு பித்தளைக் குமிழே சென்சார். அதனுள்ளே மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த ஒரு வில்லை இருக்கிறது. செம்பு சூடேறினால் அதன் மின்தடை கூடும். இந்த வில்லையிலோ குறையும். வெள்ளி சல்பைடில் இந்த விபரீத குணத்தை 1833-ல் ஃபாரடே கண்டு எழுதிவைத்தார். அது கடைச் சரக்காக வெளிவர மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. பரவலாக வழங்கும் ஒருவகைச் சென்சாரில், 40 டிகிரியில் 300 ஓமை ஒட்டியிருக்கும் தடை, 90 டிகிரியில் 50 ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பேட்டரியிலிருந்து மீட்டருக்கு வந்து, அங்கிருந்து ஒற்றை ஒயர் வழியாகச் சென்சாரை அடைந்து, அதன் உடல்வழியே எஞ்சின் இரும்பில் இறங்கி, எர்த் பட்டை மூலம் பேட்டரிக்கே திரும்பும் மின்சாரம், தடை குறையக் குறைய மிகுகிறது. பழைய மீட்டர்கள் பலவற்றில், அந்த மின்சாரம் இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்றைச் சூடாக்கி வளைக்க, அந்த வளைவே முள்ளை நகர்த்துகிறது. இந்தச் சுற்றில் எந்த இடம் பழுதானாலும், எஞ்சின் சௌக்கியமாக இருக்கும்போதே முள் பொய் சொல்லும்.

"முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குதுண்ணே" என்று டிரைவர் பட்டறையில் வந்து நின்றால், அனுபவமுள்ள மெக்கானிக் மீட்டரில் கை வைப்பதில்லை. பானெட்டைத் தூக்கி, சாவியைப் போடச் சொல்லி, சென்சாரின் தலையிலிருந்து ஒயரை உருவி, அதன் வெறும் நுனியை எஞ்சினில் துருவில்லாத ஒரு போல்ட்டின்மேல் ஒருகணம் வைக்கிறார். "இப்பப் பாருப்பா, ஏறுதா?" ஏறினால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை, சந்தேகம் சென்சார்மேல் திரும்புகிறது. ஏறாவிட்டால் ஃப்யூஸையும் ஒயரையும் மீட்டரையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினிலும் முள் உச்சியிலேயே நிற்கிறதென்றால் பரீட்சை இன்னும் சுலபம்: ஒயரை உருவியதும் முள் விழுந்துவிட்டால் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது, விழாவிட்டால் ஒயர் எங்கோ தோலுரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒருகணம் என்றது காரணத்தோடுதான்; நெடுநேரம் தொட்டு வைத்தால் மீட்டரின் சுருள் கருகிவிடும். கம்ப்யூட்டர் வழியாக மீட்டருக்குச் சேதி போகும் புது வண்டிகளில் இந்த வித்தையைக் காட்டவே கூடாது.

டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் ஒரே சமயத்தில் தாறுமாறாக ஆடினால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே அளவு மின்னழுத்தத்தைத் தரும் சிறு பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் துள்ளினால் எர்த் சரியில்லை. நீர் கசியக்கூடாதே என்று சென்சாரின் மரையில் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, எர்த்தைத் தாமே அறுத்துவிட்டு, புதுச் சென்சாரே மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

முள் பொய்யாக உயர்ந்து நிற்பதில் நஷ்டம் அதிகமில்லை. வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரத்தை இழப்பதோடு சரி. பொய்யாகத் தாழ்ந்து நிற்பதே விபத்து. ரேடியேட்டர் குழாய் ஒன்று வெடித்து நீரெல்லாம் ஒழுகிப்போனால், சென்சாரின் நுனி நீரில் நனையாமல் வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். நீரைப்போல் ஆவி வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லையாகையால், எஞ்சின் இரும்பு கொதித்துக்கொண்டிருக்கையில் முள் சாதுவாக இறங்குகிறது. ஏற்றத்தின் நடுவே உயர்ந்துகொண்டிருந்த முள் காரணமின்றிச் சட்டென்று விழக் கண்டு, வண்டி ஆறிவிட்டது என்று மகிழ்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர், ஹெட் கேஸ்கட்டுக்கும் சில சமயம் ஹெட்டுக்குமே செலவழிக்க நேரிடும். என் அபிப்பிராயத்தில், மலைப்பாதையில் ஏறும் முள்ளைவிட இப்படி விழும் முள்ளுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். உடனே ஓரங்கட்டிக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம். நன்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கலாகாது, ஏனெனில் அழுத்தம் விலகிய மறுகணமே உள்ளே மிஞ்சியிருக்கும் நீர் பொங்கி முகத்தில் அடிக்கும்.

தாழ்ந்த முள்ளுக்கு வேறு இரண்டு காரணங்களும் சகஜம். சூடாகிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளில், மலை இறங்கும்போது எஞ்சின் உண்மையாகவே தேவைக்குமேல் குளிர்ந்துவிடுகிறது. அங்கே முள் சொல்வது சத்தியம். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டிகளிலோ, சென்சாரின் நுனியில் உப்பு வெள்ளையாகப் படிந்து வெப்பத்தைத் தடுத்து, முள்ளைச் சோம்பேறியாக்குகிறது.

சென்சார் மேலேயே சந்தேகம் நின்றால், புதிதொன்றுக்குக் காசு கொடுக்குமுன் பழையதைக் கழற்றி, அதன் நுனி மட்டும் நனையும்படி சொம்பு நீரில் தொங்கவிட்டு, உடன் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து நீரை மெல்லச் சூடாக்கி, மல்ட்டிமீட்டரில் தடையைப் படித்துப் பார்க்கலாம். தடை துள்ளாமல் சீராக இறங்கிவந்தால் சென்சார் நல்லது. மலைமேல் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், நீர் கொதித்துவிட்டதே என்று 100 டிகிரிக்குரிய தடையை எதிர்பார்த்து, அது சற்றே கூடுதலாக இருக்கக் கண்டு நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. சொம்பில் கொதிப்பது 97 டிகிரி நீர்தான்.