ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது 1961 முதல் 1971 வரை சென்னைக்குத் தெற்கே, வண்டலூரை அடுத்த தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட ஒரு தானுந்து (கார்) ஆகும். இது பிரித்தானியாவின் டிரையம்ஃப் ஹெரால்டு தானுந்தின் இந்திய வடிவமாகும். ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கியே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் விளையாட்டுத் தானுந்து (ஸ்போர்ட்ஸ் கார்) 1962இல் உருவாக்கப்பட்டது. ஆகவே ஹெரால்டைக் குடும்பத் தானுந்து என்று வகைப்படுத்தினாலும், பழைய பிரித்தானிய விளையாட்டுத் தானுந்து ஒன்றை வைத்திருப்போர் அடையும் மகிழ்ச்சியும் படும் தொல்லையும் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்.

வரலாறு

டிரையம்ஃப் ஹெரால்டு 1959ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் வெளியிடப்பட்டது. இதன் தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. அக்காலத்தில் பெரும்பாலான புதிய தானுந்துகள் சட்டமும் உடலும் ஒன்றாக அமைந்த முறையில் செய்யப்பட்டு வந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்குத் திரும்பித் தனி அடிச்சட்டத்தைக் கொண்டிருந்தது. இதற்குக் காரணம் பொறியியல் அன்று, வணிகமே. ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்கு உடற்கூடு செய்து தந்த நிறுவனம் 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வசம் சென்றுவிட்டது. முழு உடலையும் செய்து தர ஆளில்லாத நிலையில், உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்வித்து, அடிச்சட்டத்தின் மீது மரையாணிகளால் பூட்டும் முறை கையாளப்பட்டது. துண்டுகளாகக் கப்பலேற்றி வேறு நாடுகளில் பொருத்துவதற்கும் இம்முறை வசதியாக இருந்தது.

அவ்வாறு பொருத்திய இடங்களுள் ஒன்று சென்னை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. கிண்டி கத்திப்பாராவில் தொடங்கும் பெருந்தெற்கு நெடுஞ்சாலை (ஜி.எஸ்.டி. சாலை) வழியே பல்லாவரம், தாம்பரம் கடந்து சென்றால் இதன் தொழிற்சாலை இருந்த இடத்தை அடையலாம். 1960களில் இந்தியர் ஒருவர் வாங்கக்கூடிய தானுந்துகள் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என மூன்றே. அவற்றுள் சிறியதும் துள்ளலானதும் ஹெரால்டே. 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுகள் கொண்ட வடிவம் வெளிவந்தது. இது பிரித்தானியாவில் ஒருபோதும் விற்கப்படாத, இந்தியாவிற்கே உரிய வடிவமாகும். 1972இல் ஹெரால்டின் இடத்தில் ஸ்டாண்டர்டு கெசல் வந்தது; அதுவும் 1977உடன் நின்றது. 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 வெற்றி பெறாததால் 1988இல் தானுந்துத் தயாரிப்பே முடிவுக்கு வந்தது.

அமைப்பு

ஹெரால்டின் 948 கனசெண்டிமீட்டர் இயந்திரம் ஏறத்தாழ 35 குதிரைத்திறன் தருவது. இன்றைய சிறிய தானுந்துகள் எளிதில் இதனை முந்திவிடும். ஆயினும் ஓட்டுவோர்க்கு விரைவு உணர்வு மிகுதியாகக் கிடைக்கும். தாழ்ந்த இருக்கை, நாற்புறமும் பரந்த கண்ணாடி, சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கைக்கு உணர்த்தும் திசைமாற்றி ஆகியவை இதற்குக் காரணம். முன்சக்கரங்கள் வழக்கத்திற்கு மாறாக மிகுதியாகத் திரும்புவதால் சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் வண்டி திரும்பிவிடும். மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் இதன் அருமை தெரியும்.

மற்றொரு சிறப்பு முன்மூடி. மூடியும் இரு பக்கத் தகடுகளும் முகப்பு விளக்குகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். பழுது பார்ப்பவர் சக்கரத்தின் மீதே அமர்ந்து இயந்திரத்தைத் தொடலாம். இவ்வளவு எளிதாக அணுகக்கூடிய இயந்திரம் இதற்கு ஏன் தேவைப்பட்டது என்பது வேறு கேள்வி.

சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் திருத்தியமைக்கப்பட்ட ஹெரால்டுகள் ஓடின. 1953இல் நிறுவப்பட்ட மதராசு மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமைத்தது.

குறைகள்

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசல் அச்சு முறையில் அமைந்தவை. வளைவில் விரைவாகச் செல்லும்போது ஓட்டுநர் திடீரென முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் மேலெழும்; சுமை தாங்கும் வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும்; பிடிப்பு குறையும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே குறை இருந்தது. 1970இல் வந்த நான்காம் வடிவத்தில் வில்லின் அமைப்பை மாற்றி இதனைப் பெரிதும் சரிசெய்தனர். இந்தியாவில் வேறு வழி பின்பற்றப்பட்டது. இம்முறையை உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் விரும்பாததால் கெசலில் சாதாரணத் திட அச்சே பொருத்தப்பட்டது.

இதனினும் கவனிக்க வேண்டியது, முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்னும் பித்தளை உறுப்பு. இது ஒரு பெரிய மரை. சக்கரம் திரும்பும் போதெல்லாம் இதனுள் தண்டு சுழலும். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் இடவேண்டும் என்பது தயாரிப்பாளர் கூற்று. ஆனால் நிப்பிள் கண்ட இடத்தில் எல்லாம் கிரீஸ் அடிப்பதே பட்டறைகளின் வழக்கம். கிரீஸ் அடிவரை சென்று சேராது. நீர் தேங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். சில ரூபாய் எண்ணெயில் தவிர்க்கக்கூடிய விபத்து இது.

முதல் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லை. வண்டி முழுமையாக நின்ற பின்னரே முதல் கியரை ஓசையின்றிப் போட முடியும் என்பதால், கத்திப்பாரா மாலை நெரிசலில் இது ஒரு பயிற்சியாகவே அமையும். அதே நெரிசலில் இயந்திரச் சூட்டினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடுவதும் உண்டு. குழாய்மீது ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பதே பழைய கைவைத்தியம்.

பல துண்டுகளாகப் பூட்டப்பட்ட உடல் மழைநீரைத் தடுப்பதில் சிறந்ததன்று. மிதியடிக்குக் கீழே நீர் தேங்கித் தளம் உளுத்துப்போகும். அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடற்காற்று வீசும் பகுதிகளில் இது விரைவாக நிகழும். இயந்திரத்தைப் புதுப்பிப்பதைவிட டிங்கர் வேலைக்கே பெரும்பாலும் மிகுதியாகச் செலவாகும்.

உதிரிப் பாகங்கள்

தொழிற்சாலை மூடப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஹெரால்டு ஓடுவதற்கு ஸ்பிட்ஃபயருடனான உறவு ஒரு முக்கியக் காரணம். ஸ்பிட்ஃபயர் 1980 வரை மூன்று இலட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அதனைப் பேணுவோர் பலர் இருப்பதால் ட்ரனியன், பிரேக், கிளட்ச் முதலியவை பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் நான்கு கதவு வண்டியின் பின்கதவையோ அதன் கண்ணாடியையோ செய்பவர் உலகில் எங்கும் இல்லை. ஹெரால்டு எந்த அளவிற்கு இந்தியத் தன்மை பெற்றதோ அந்த அளவிற்கு அதனைக் காப்பது கடினமாயிற்று.

அத்தகைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளையோ, ஓடாமல் கிடக்கும் மற்றொரு ஹெரால்டையோ நாட வேண்டும். புஷ், மரையாணி போன்ற சிறு உறுப்புகளை, கிண்டித் தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற கடைசல் பட்டறைகளில் மாதிரி கொடுத்துச் செய்வித்துக் கொள்ளலாம். 1958இல் தொடங்கப்பட்ட அத்தொழிற்பேட்டை நாட்டின் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. வண்டியின் மரைகள் அங்குல அளவின. மில்லிமீட்டர் ஸ்பானர்கள் சரியாகப் பொருந்தா. மின்கருவிகளைப் பொறுத்தவரை சென்னைக்கு ஒரு வசதி உண்டு. இருட்டில் கைவிடும் என்று பிரித்தானியர் கேலி செய்த லூகாஸ் நிறுவனம், 1961 முதல் டி.வி.எஸ். குழுமத்துடன் இணைந்து இந்நகரின் பாடியிலேயே மின்கருவிகளைச் செய்து வந்தது.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வளையங்களையும் எத்தனால் அரிக்கக்கூடும் என்பதால் அவற்றை மாற்றிவிடுவது நல்லது.

பதிவு

2021இல் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதியலாம். புதிய பதிவிற்கு 20,000 ரூபாய் கட்டணம். முன்பே பதிவு பெற்றவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஹெரால்டுகள் அனைத்தும் இவ்வயதைக் கடந்துவிட்டன. ஆனால் இவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஆய்வு, தொன்மை வண்டி ஊர்வலம், பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்பல் ஆகியவற்றிற்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் ஓட்ட விரும்புவோர் வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஞாயிறு காலையில் கடற்கரைவரை சென்று வர நினைக்கும் உரிமையாளர் இந்த இரண்டாம் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.